எக்மோவில் இருந்த குழந்தையைக் குளிர்வித்தது சரியா? மூன்று வருடம் கழித்து வந்த சந்தேகம்

மகிழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். மகளுக்கு வரும் ஆவணியில் மூன்று வயது. 41 வாரம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. வலி வந்த பிறகு திடீரென்று குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, ஏறவே இல்லை. ஓடினார்கள், நான் கையெழுத்துப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. பனிக்குட நீர் முழுக்கப் பச்சை. உள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுத்திருக்கிறாள். பிறந்ததும் அழவில்லை. பத்து நிமிடம் கழித்தும் அப்கார், அதாவது பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண், 4தான். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் அடிபட்டிருக்கிறது, கூலிங் ஆரம்பிக்கிறோம், உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்போம் என்று சொன்னார்கள். மூன்றரை மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரியே நுரையீரல் கைவிட்டுவிட்டது. வென்டிலேட்டரில் நூறு சதவீதம் ஆக்சிஜன், நைட்ரிக் ஆக்சைடு வாயு, எதுவும் கேட்கவில்லை. வேறு ஊரிலிருந்து குழு வந்து ஆம்புலன்ஸில் எடுத்துப்போய் எக்மோவில், அதாவது நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியே செய்யும் மெஷினில், போட்டார்கள். அங்கே போன பிறகும் கூலிங்கை நிறுத்தவில்லை. ரத்தம் வெளியே வந்து மெஷினில் ஓடி உள்ளே போகிறது, அந்த ரத்தமே குளிர்ந்துதான் போகிறது என்றார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு டாக்டர் வந்து இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார், நான் சரி என்றேன். அந்த "சரி"தான் இப்போது தூங்கவிடாமல் பண்ணுகிறது.

ஏனென்றால் போன வாரம் இரண்டு விஷயம் படித்தேன். எக்மோவில் இருந்த குழந்தைகளைக் குளிர்வித்ததில் பிரயோஜனம் இல்லை என்று இங்கிலாந்திலேயே ஆய்வு வந்திருக்கிறது. இன்னொன்று இந்தியா பக்கம் நடந்த ஆய்வு, கூலிங் செய்த குழந்தைகள் அதிகமாக இறந்திருக்கிறார்கள். அப்படியென்றால் என் பிள்ளைக்கு ஏன் செய்தார்கள்? நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? மகள் இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், பேச்சு கொஞ்சம் தாமதம், இடது கை கொஞ்சம் சோம்பல். ஸ்பூனை எப்போதும் வலது கையில்தான் எடுப்பாள், இடது கையில் கொடுத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா நாகர்கோவிலிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளை இப்படிக் குளிர்ந்து கிடக்கு, ஒரு துணிகூடப் போர்த்தலையா, தலைக்குக் குல்லா இல்லையா" என்று அழுதார்கள். நான் அதட்டி போனை வைத்தேன். அம்மா சொன்னதுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் பேசுங்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்தால்தான் பிழைக்கும் என்று 1958இல் சில்வர்மேன் என்ற குழந்தை மருத்துவர் நியூயார்க்கில் காட்டினார், அதிலிருந்து உலகம் முழுக்க என்ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ்களுக்கு முதல் பாடமே "குழந்தை குளிரக் கூடாது" என்பதுதான். அதை மீறிக் குழந்தையை வேண்டுமென்றே குளிரவிட எங்களுக்கும் கை வரவில்லை. நான் 14 வருடமாக இங்கே என்ஐசியுவில் இருக்கிறேன், எக்மோ யூனிட்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். முதல் குழந்தைக்கு அந்தக் குளிர்ந்த ஜாக்கெட்டைச் சுற்றிவிட்டு ராத்திரி முழுக்க அதன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் படித்த இங்கிலாந்து ஆய்வின் பெயர் நெஸ்ட், 2013இல் வெளியானது. நான்கு எக்மோ மையங்கள், 111 குழந்தைகள். பாதிப் பேரை வழக்கம் போல 37 டிகிரியில் வைத்தார்கள், மீதிப் பேரை முதல் 48 முதல் 72 மணி நேரம் 34 டிகிரியில். இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியைச் சோதித்தபோது குளிர்வித்தவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. அது உண்மை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி வேறு. எக்மோவுக்கு வருகிற குழந்தை ஏற்கெனவே ஆக்சிஜன் இல்லாமல் திணறித்தான் வருகிறது, மெஷினிலும் ரத்தக்கசிவு, ரத்தக்கட்டி என்று மூளைக்கு ஆபத்து உண்டு, அதனால் எக்மோவுக்கு வருகிற குழந்தைகளைப் பொதுவாகவே கொஞ்சம் குளிரவைத்தால் மூளைக்குப் பாதுகாப்பாக இருக்குமா என்றுதான் பார்த்தார்கள். அதற்குப் பதில், இல்லை.

உங்கள் மகளுக்குக் கூலிங் கொடுத்தது எக்மோவுக்காக இல்லையே. பிறக்கும்போதே மூளை அடிபட்டது என்பதற்காக ஆரம்பித்தார்கள், பாதி வழியில் நுரையீரல் கைவிட்டதால் எக்மோ வந்து சேர்ந்தது. எக்மோ வந்துவிட்டது என்பதற்காக 72 மணி நேரச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதா, முடிப்பதா என்பதுதான் அந்த டாக்டர் முன்னால் இருந்த கேள்வி. நெஸ்ட் ஆய்வு அதற்குப் பதில் சொல்லவில்லை. முடித்தார்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் முடிக்கத்தான் சொல்லியிருப்பேன்.

---

திருச்சி சுந்தரம் எழுதியது:

என் கதை நேர் எதிர். என் பையன் பிறந்தது ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில், அழவில்லை, ஆறாவது மணி நேரத்தில் ஃபிட்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அப்புறம்தான் அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது ஒன்பதாவது மணி நேரம். "ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கூலிங் செய்திருப்போம்" என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு ஐந்து வருடம் வாழ்ந்தேன் நான். வழியில் டோல்கேட்டில் நின்ற பன்னிரண்டு நிமிடம், ஆம்புலன்ஸ் டிரைவர் டீசல் போட்ட நேரம், எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பையனுக்கு செரிப்ரல் பால்சி. ஆறு வயது. உட்காருவான், நிற்க முடியாது, நன்றாகச் சிரிப்பான்.

நீங்கள் சொன்ன அந்த இந்தியா ஆய்வைப் பற்றி எனக்கும் ஒருவர் சொன்னார். அதைப் படித்து உங்களுக்குத் தூக்கம் போனது, எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. ஒன்பதாவது மணி நேரத்தில் இல்லாமல் நாலாவது மணி நேரத்தில் போயிருந்தாலும் ஒருவேளை இதேதானோ என்று. அப்படி நினைப்பது தப்பா சரியா தெரியவில்லை. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

நான் பச்சிளங்குழந்தை மருத்துவர், தென்மாவட்டம் ஒன்றில் வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த ஆய்வின் பெயர் ஹீலிக்ஸ். லண்டன் இம்பீரியல் கல்லூரி தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாட்டிலும் ஏழு பெரிய மருத்துவமனைகளில் நடந்தது, சென்னையும் அதில் உண்டு. 2015 ஆகஸ்டிலிருந்து 2019 பிப்ரவரி வரை 408 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. இறப்பு அல்லது கடுமையான ஊனம் என்று சேர்த்துப் பார்த்தால் கூலிங் குழுவில் 50 சதவீதம், மற்ற குழுவில் 47. அதாவது பலன் இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் கூலிங் குழுவில் 42 சதவீதம், மற்றதில் 31. அந்த எண்ணைப் பார்த்த அன்று எங்கள் யூனிட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, ஏனென்றால் அதுவரை நாங்களும் நல்லது என்று நம்பித்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஆனால் இதே சிகிச்சைதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலன் தந்தது. 2005இல் அமெரிக்க ஆய்வில் 208 குழந்தைகள், இறப்பு அல்லது ஊனம் 62 சதவீதத்திலிருந்து 44க்கு இறங்கியது. 2013இல் 11 ஆய்வுகளை, 1505 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பின்படி, ஏழு குழந்தைகளுக்குச் செய்தால் ஒரு குழந்தை சாவிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது. பச்சிளங்குழந்தை சிகிச்சையில் இதற்கு இணையான எண் ரொம்பக் குறைவு.

அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நின்றதும் முதல் அடி விழுகிறது. ரத்த ஓட்டம் திரும்பியதும் செல்கள் கொஞ்சம் தேறுகின்றன, ஆறு மணி நேரம் போல ஒரு அமைதி. அதற்கப்புறம் இரண்டாவது சரிவு, வலிப்பு, வீக்கம், செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவது எல்லாம் அப்போதுதான். கூலிங் வேலை செய்வது அந்த இடைவெளியில் மட்டும். தொப்புள்கொடி நழுவுவது, நச்சுக்கொடி பிரிவது, கர்ப்பப்பை கிழிவது போல ஒரே நொடியில் நடந்த விபத்தாக இருந்தால் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது என்று நமக்குத் தெரியும். நம் ஊரில் பல பிரசவங்களில் அப்படி இல்லை. பதினாறு மணி, இருபது மணி நேரம் வலி, விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குறைந்து, குழந்தை வெளியே வரும்போதே அந்த ஆறு மணி நேரம் வயிற்றுக்குள்ளேயே கழிந்துபோயிருக்கலாம். இது ஒரு விளக்கம். இன்னும் சிலர் ஊட்டச்சத்து, தொற்று என்று சொல்கிறார்கள்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. வேலூர் சிஎம்சியில் பல வருடமாகக் குளிர்விக்கிறார்கள், மின்சாரம் அதிகம் வேண்டாத, உருகி உறைகிற ஒரு பொருளை மெத்தைக்குள் வைத்துச் செய்த கருவி அங்கேதான் உருவானது. இந்தியாவில் 50 குழந்தைகளை வைத்து நடந்த தின் என்ற ஆய்வில் எம்ஆர்ஐயில் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது. அதனால் நல்ல வசதியுள்ள சில யூனிட்டுகள், அங்கேயே பிறந்த, சரியாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு மட்டும் இன்றும் செய்கின்றன. நான் இப்போது செய்வதில்லை. அது என் முடிவு.

மகிழம்பூ, உங்கள் பிரசவத்தில் துடிப்பு திடீரென்று இறங்கியது, உடனே எடுத்தார்கள், மூன்றரை மணி நேரத்தில் குளிர்வித்தார்கள். கூலிங்கால் பலன் பெறக்கூடிய குழந்தை எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்வேன். ஹீலிக்ஸை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சுந்தரம் அண்ணா, உங்களுக்கு. அந்த டாக்டர் சொன்ன வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் நாலாவது மணி நேரத்தில் போயிருந்தால் உங்கள் பையன் வேறு மாதிரி இருந்திருப்பான் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. நம் மண்ணில் எடுத்த பெரிய ஆய்வு அதற்கு எதிராகத்தான் சொல்கிறது. டோல்கேட்டை விட்டுவிடுங்கள்.

---

திருச்சி சுந்தரம் எழுதியது:

நன்றி டாக்டர். வேறு எழுத வரவில்லை இப்போது.

---

மகிழம்பூ எழுதியது:

டாக்டர், அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ஒரே கேள்வி, இதுதான் உள்ளே குடைவது. நுரையீரல் கெட்டது கூலிங் ஆரம்பித்த பிறகுதானே? குளிர்வித்ததால்தான் அவள் எக்மோவுக்கே போகவேண்டி வந்ததா?

---

இரவுப்பணி எழுதியது:

நல்ல கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். குளிர்ந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இன்னும் இறுகும், அது உண்மை. மலம் போன நுரையீரல் ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். அதனால்தான் சில குழந்தைகளுக்கு 33.5 இல்லாமல் 34, 34.5 என்று கொஞ்சம் ஏற்றி வைத்துச் சமாளிப்பார்கள். ஆனால் டாக்டர் சொன்ன அந்தத் தொகுப்பில் கூலிங்கின் பக்கவிளைவு என்று தெளிவாக நின்றது இரண்டுதான்: இதயத்துடிப்பு குறைவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது. மூச்சுத்திணறி மலத்தை இழுத்த குழந்தைக்கு நுரையீரல் அழுத்தம் ஏறுவது கூலிங் இல்லாமலும் அன்றாடம் நடக்கிறது.

எக்மோ வந்த கதையே அதுதான். 1975இல் கலிபோர்னியாவில் பார்ட்லெட் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர் எக்மோவில் முதன்முதலாகக் காப்பாற்றிய பச்சைக்குழந்தையும் மலத்தை இழுத்து மூச்சு நின்ற குழந்தைதான், அப்போது கூலிங் என்ற பேச்சே இல்லை. அதற்கு எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள், ஸ்பானிஷில் நம்பிக்கை என்று அர்த்தம். இங்கிலாந்தில் 1996இல் வந்த ஆய்வில் 185 குழந்தைகள், எக்மோவுக்கு அனுப்பாதவர்களில் 59 சதவீதம் போய்விட்டார்கள், அனுப்பியவர்களில் 32. உங்கள் மகள் எந்தப் பக்கம் நின்றாள் என்று பாருங்கள்.

எக்மோவில் குளிர்விப்பது மற்ற குழந்தைகளைக் குளிர்விப்பதைவிட ஒரு விதத்தில் எளிது. சர்க்யூட்டில் ரத்தத்தைச் சூடாக்கவே ஒரு ஹீட்டர் இருக்கும், அதன் எண்ணை 33.5 என்று வைத்தால் சொன்னபடி நிற்கும், ஏறாது இறங்காது. பயம் ரத்தக்கசிவில்தான். ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஓடிக்கொண்டே இருக்கும், கூலிங்கால் தட்டணுவும் குறைந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் தலைக்குள் கசியுமோ என்று தினமும் தலைக்கு ஸ்கேன் பார்ப்போம். தட்டணுப் பை எத்தனை ஏற்றினோம் என்று கணக்கே இருக்காது.

இடது கை பற்றிச் சொன்னீர்களே. மகளின் கழுத்தில் வலது பக்கம் தழும்பு இருக்கிறதா? எக்மோவுக்கு அங்கேதான் குழாய் போடுவார்கள், சில குழந்தைகளுக்கு வலது பக்கத் தமனியைக் கட்டியும் விடுவார்கள். வலது மூளைதான் இடது கையைப் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் இது என்று நான் சொல்லவில்லை, பிறக்கும்போது பட்ட அடியாகவும் இருக்கலாம். எம்ஆர்ஐ அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள்.

---

செம்பருத்தி எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். எங்களுடைய மகனுக்கும் இதே கூலிங்தான். எக்மோ வரைக்கும் போகவில்லை, மூளை அலை பார்க்கும் மெஷினில் கோடு நேராகவே இருந்தது. 72 மணித்தியாலம் முடிந்து, மணிக்கு அரை டிகிரி அரை டிகிரியாகச் சூடேற்றினார்கள், 33.5இல் இருந்து 37க்கு வர ஏழு மணித்தியாலம். அந்த ஏழு மணித்தியாலமும் சூடு வந்தால் பிள்ளை கண் திறப்பான் என்று நானும் இவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். திறக்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்துவிட்டு டாக்டர்கள் கதைத்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டான்.

உங்களைப் பயப்படுத்த எழுதவில்லை, அக்கா. நான் எழுத வந்தது வேறு. கூலிங் நடக்கும்போது தூக்கக் கூடாது, சூடேறிவிடும் என்று சொன்னார்கள். மூன்று நாளும் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த விரலின் குளிர், ஆற்றுத் தண்ணீரில் கைவிட்டு எடுத்த பிள்ளையின் கை போல இருந்தது. இப்போது சில ஆஸ்பத்திரிகளில் கூலிங் நடக்கும்போதே, வயர் எல்லாவற்றோடும், தாயின் கையில் அரை மணித்தியாலம் கொடுக்கிறார்களாம். சூடு ஒன்றும் மாறுவதில்லையாம். இதை வாசிக்கிற நர்ஸ்மார் யாராக இருந்தாலும், கேட்காமலே கொடுங்கள். நாங்கள் கேட்கத் தெரியாமல் நிற்போம்.

---

இரவுப்பணி எழுதியது:

கொடுக்கிறோம் செம்பருத்தி. எங்கள் யூனிட்டில் ஆரம்பித்துவிட்டோம். இரண்டு நர்ஸ் வேண்டும், டியூப்பை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இருபது நிமிடம் ஆகிறது நகர்த்த. செய்கிறோம். உங்கள் பதிவை நாளைக்கு எங்கள் யூனிட் நர்ஸ் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுகிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

செம்பருத்தி, படித்தேன். எங்கள் யூனிட்டில் கூலிங் இல்லை, ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையைத் தாய் கையில் கொடுப்பதை நாங்களும் யோசிக்க வேண்டும். இடம் இல்லை, ஆள் இல்லை என்று எத்தனை நாள் சொல்வது.

மகிழம்பூவுக்கு இன்னும் ஒன்று. இரண்டு வயதுச் சோதனையோடு விட்டுவிடாதீர்கள். கூலிங் செய்த குழந்தைகளை இங்கிலாந்தில் ஆறு ஏழு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள், டோபி என்ற ஆய்வு, 325 குழந்தைகள். பிழைத்து, அறிவுத்திறன் எண் 85 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் கூலிங் குழுவில் 52 சதவீதம், மற்றதில் 39. நல்ல செய்திதான். ஆனால் கவனம், கணக்கு, கை எழுத்து போன்ற சின்னச் சின்னச் சிக்கல்கள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும். சேர்க்கும்போதே ஆசிரியரிடம் பிறப்புக் கதையைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். நம் ஆட்கள் மறைப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

---

மகிழம்பூ எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மருத்துவமனையில் கேட்டு அவளுடைய பழைய ஃபைலை வாங்கினேன். இருநூறு பக்கத்துக்கு மேல். தழும்பு வலது பக்கம்தான் அக்கா, தமனியைக் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. எம்ஆர்ஐயில் வலது பக்கம் ஒரு சின்ன இடம், அது எதனால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த முறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

வெப்பநிலை அட்டவணையைப் பார்த்தேன். மணிக்கு ஒரு எண். 33.5, 33.4, 33.5, 33.6, பக்கம் பக்கமாக அப்படியே. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் யாரோ ஒருவரின் கையெழுத்துச் சுருக்கம், ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும். நாலாவது நாள் காலையில் 34.0. நான் அந்த நாட்களில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், பேசினோம். ரொம்ப நேரம்.

சுந்தரம் அண்ணா, இடது கைக்கு இரவில் போடுகிற ஸ்ப்ளிண்ட், கையை நேராகப் பிடித்து வைக்கிற பட்டை, ஒன்று கொடுத்திருக்கிறார்கள், போட்டால் அழுகிறாள். உங்கள் பையன் போடுகிறானா? எப்படிப் பழக்கினீர்கள்?

---

திருச்சி சுந்தரம் எழுதியது:

போடுகிறான் தங்கச்சி. காலுக்கு, கைக்கு இரண்டுக்கும். முதலில் விழித்திருக்கும்போது பத்து நிமிடம், கார்ட்டூன் பார்க்கும்போது மட்டும் போட்டேன். ஒரு வாரம் கழித்து அரை மணி. தூங்கும்போது முதல் நாளே போடாதீர்கள், பயந்துவிடுவார்கள். உள்ளே பழைய பனியன் துணியை மடித்து வையுங்கள், வெயில் காலத்தில் வியர்த்து அரிக்கும், அங்கே உங்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, ஆனாலும் வையுங்கள். எடுத்த பிறகு தோலில் சிவப்பு இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் இருந்தால் ஸ்ப்ளிண்ட் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.